தொலைபேசிக் கம்பியில் இணையம் எப்படி வருகிறது, மாரியில் ஏன் அறுகிறது?

களுதாவளையிலிருந்து எழுதியிருக்கும் அன்பர், வீட்டுத் தொலைபேசிக்கு வரும் அதே இரண்டு கம்பிகளில் இணையமும் எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறார். 16 மெகாபிட் வரை என்று சொல்லித் தரப்பட்ட இணைப்பில் தன் மொடெம் 4,300 கிலோபிட்டுக்கு மேல் காட்டுவதில்லை என்றும், யாராவது அழைத்து மணி அடித்தால் இணைப்பு அறுந்து ஓரிரு நிமிடங்களுக்குப் பிறகே திரும்புகிறது என்றும், மாரி தொடங்கிய நாளிலிருந்து தொலைபேசியில் கரகரவென்று சத்தம் கேட்கிறது என்றும், முறைப்பாடு செய்தால் “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது” என்ற பதிலே வருகிறது என்றும் எழுதியிருக்கிறார். மொடெமின் நிலைப் பக்கத்தில் கண்ட எண்களையும் தந்திருக்கிறார்: வரும் திசையில் அட்டெனுவேஷன் 46 டெசிபல், எஸ்என்ஆர் மார்ஜின் 5 டெசிபல். எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால், பழுது தன் வீட்டுக்குள் இருக்கிறதா, வீதியிலா, தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலா என்பதைத் தானே கண்டறிய வழியுண்டா என்பதே அவருடைய உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. பெருமளவுக்கு வழியுண்டு.

மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளில் செப்புக் கம்பி இணைப்புகளைப் பராமரிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் லைனை நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே கம்பியின் இயல்பைப் பற்றி நான் சொல்வதை உறுதியானதாகவும், உங்கள் வீட்டுப் பழுதைப் பற்றிச் சொல்வதை அனுமானமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். ஏடிஎஸ்எல் எனப்படும், தொலைபேசிக் கம்பியில் இணையம் தரும் இந்த இணைப்பில், சேவை நிறுவனம் வேகத்தின் உச்ச வரம்பை மட்டுமே வைக்கிறது. அதற்குக் கீழே எவ்வளவு கிடைக்கும் என்பதை உங்கள் மொடெமும், மறுமுனையில் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் டிஎஸ்லாம் என்ற கருவியும், ஒவ்வொரு முறை தொடர்பு ஏற்படுத்தும்போதும் இடையிலுள்ள கம்பியை அளந்து பார்த்துத் தமக்குள் தீர்மானிக்கின்றன. 4,300 என்பது அப்படி அளந்து வந்த எண். உங்கள் கம்பியின் நீளமும் அதன் இன்றைய நிலைமையும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. அவற்றை வாசிக்கப் பழகினால் பழுது எங்கே என்று தேடுவது பாதி முடிந்துவிடும்.

தொலைபேசிக்காக எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சோடி மெல்லிய செப்புக் கம்பி வருகிறது. அதில் எக்ஸ்சேஞ்சின் பற்றரிகளிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் நேரோட்ட மின் எப்போதும் இருக்கும். மணி அடிக்க வேண்டிய நேரத்தில், நொடிக்கு 20 முதல் 25 சுற்றுகளாகத் திசை மாறிமாறி ஓடுகிற, 75 வோல்ட் அளவிலான ஆடலோட்ட மின் அதன்மேல் ஏற்றப்படுகிறது. மனிதக் குரல் விளங்குவதற்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான மீடிறன்கள் (அதிர்வெண்கள்) போதும் என்று தொலைபேசித் துறை நெடுங்காலத்துக்கு முன்பே முடிவு செய்து, குரலைக் கையாளும் கருவிகளை அந்த அளவோடு நிறுத்தி வைத்தது. கீச்சிட்டுக்கொண்டே இணைந்த பழைய டயல்-அப் மொடெம் பலருக்கு நினைவிருக்கும். அது தன் தரவை ஒலியாக மாற்றி இந்தக் குரல் வழியாகவே அனுப்பியது. எக்ஸ்சேஞ்சில் ஒரு குரலுக்கு நொடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 8 பிட், ஆக 64 கிலோபிட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்ததால், அந்த மொடெம் 56 கிலோபிட்டைத் தாண்டவே முடியவில்லை. அந்தத் தடை செப்புக் கம்பியால் வந்ததன்று; எக்ஸ்சேஞ்சின் குரல் கருவிகளால் வந்தது. கம்பி தன்னளவில் பத்து லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேலும் சைகைகளைச் சுமக்கக்கூடியது. தூரம் கூடக் கூட அவை நலிந்துபோகின்றன, அவ்வளவே. கம்பி எக்ஸ்சேஞ்சுக்குள் நுழையும் இடத்திலேயே அந்த மேல் மீடிறன்களைப் பிரித்தெடுத்து டிஎஸ்லாமிடம் கொடுத்து, குரலை மட்டும் பழைய வழியே போகவிட்டதுதான் ஏடிஎஸ்எல் செய்த காரியம்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999 இல் தரப்படுத்திய ஏடிஎஸ்எல் முறையில், கம்பியின் 1,104 கிலோஹெர்ட்ஸ் வரையான பரப்பு, ஒவ்வொன்றும் 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 சிறு அலைவரிசைகளாகப் பங்கிடப்படுகிறது. அடியிலுள்ள குரற்பகுதி தொடப்படுவதில்லை. அதற்கு மேல் ஓர் இடைவெளி விட்டு, ஏறத்தாழ 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை நீங்கள் அனுப்புவதற்கும், அதிலிருந்து மேல் எல்லை வரை உங்களுக்கு வருவதற்கும் ஒதுக்கப்படுகிறது. 2003 இல் வந்த ஏடிஎஸ்எல்2+ முறை மேல் எல்லையை 2,208 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தியது. அலைவரிசைகள் 512 ஆயின. வரும் வேகத்தின் உச்சமும் 8 மெகாபிட்டிலிருந்து 24 மெகாபிட் ஆகியது. நீர் ஒரே பெரிய வாய்க்காலில் வராமல் நூற்றுக்கணக்கான சிறு வாய்க்கால்களில் பிரிந்து வயலுக்கு வருகிறது என்றும், எது தூர்ந்திருக்கிறதோ அதன் மதகை மூடி, எது சீராக ஓடுகிறதோ அதில் கூடுதலாக விடுகிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு விளங்கும். ஒவ்வோர் அலைவரிசையிலும் நொடிக்கு 4,000 தடவை தரவு ஏற்றப்படுகிறது. இரைச்சலே இல்லாத அலைவரிசையில் தடவைக்கு 15 பிட் வரை ஏற்றலாம். அப்படியானால் அது ஒன்றே 60 கிலோபிட் தரும். இரைச்சல் மிகுந்த அலைவரிசையில் இரண்டு பிட் மட்டும் ஏற்றப்படும், இன்னும் மோசமானதில் ஒன்றுமே ஏற்றப்படாது. மொடெமைப் போட்டவுடன் விளக்கு சிறிது நேரம் சிமிட்டிக்கொண்டிருப்பது இந்த அளவெடுப்பு நடப்பதால்தான். இந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் சியோஃபியின் பங்கு பெரியது.

அனுப்பும் வேகம் வரும் வேகத்தை விட ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பவர்கள் பலர். மக்கள் அனுப்புவதை விடப் பெறுவதே அதிகம் என்பது அதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம், அது பாதிதான். மீதிப் பாதி கம்பியில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சை நெருங்க நெருங்க நூற்றுக்கணக்கான வீடுகளின் சோடிகள் ஒரே கேபிளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உங்கள் மொடெம் அனுப்பிய சைகை அங்கே போய்ச் சேரும்போது களைத்து நலிந்திருக்கும். அதே இடத்தில்தான் மற்றவர்களுக்கு அனுப்பப்படும் சைகைகள் முழு வலுவோடு புறப்படுகின்றன. இரு திசைக்கும் ஒரே அளவு வேகம் கொடுக்க முயன்றால், பக்கத்துச் சோடிகளிலிருந்து கசியும் இரைச்சல் உங்கள் சைகையை மூடிவிடும். அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜோசப் லெக்லைடர், 1980களின் பிற்பகுதியில், அனுப்பும் திசையை ஒடுக்கி வரும் திசையை அகலப்படுத்தினால் இந்தக் குறுக்கீடு பெரிதும் குறையும் என்று காட்டினார். ஏடிஎஸ்எல் என்ற பெயரின் முதலெழுத்தான ஏ (அசிமெட்ரிக்) அந்தச் சமமின்மையையே குறிக்கிறது.

இனி உங்கள் எண்களுக்கு வருகிறேன். அட்டெனுவேஷன் என்பது எக்ஸ்சேஞ்சில் புறப்பட்ட சைகை உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் எவ்வளவு நலிந்தது என்பதன் அளவு. எங்கள் வேலையில், கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். கம்பியின் தடிப்பைப் பொறுத்தும், மொடெம் எந்த மீடிறன்களைக் கொண்டு சராசரி எடுக்கிறது என்பதைப் பொறுத்தும் இது மாறும். ஆனால் ஒரு மதிப்பீட்டுக்குப் போதும். அதன்படி உங்களுடைய 46 டெசிபல் மூன்றேகால் கிலோமீட்டர் கம்பியைக் காட்டுகிறது. இது கேபிள் வளைந்து வளைந்து போகும் வழியின் நீளம். மோட்டார் சைக்கிளில் அளக்கும் தூரத்தை விட அதிகமாகவே இருக்கும். ஏடிஎஸ்எல்2+ இணைப்பில் 16 மெகாபிட் கிடைக்க வேண்டுமானால் கம்பி ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் வீட்டில், கம்பி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், 16 வராது. “வரை” என்ற சொல் ஒப்பந்தத்தில் இருப்பது அதற்காகவே. ஆனால் 46 டெசிபல் தூரத்தில் பழுதில்லாத ஒரு லைன் ஆறு முதல் ஏழு மெகாபிட் வரை பிடிப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஆகவே 16 கிடைக்கவில்லை என்பதில் பழுது என்று சொல்ல ஒன்றுமில்லை; நான்கு மட்டுமே கிடைப்பதில்தான் பழுதின் அறிகுறி இருக்கிறது. முறைப்பாடு செய்யும்போது இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது முக்கியம். பதினாறு ஏன் இல்லை என்று கேட்டால் தூரம் என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

எஸ்என்ஆர் மார்ஜின் என்பது, இப்போது பிடித்திருக்கும் வேகத்துக்குத் தேவையான தெளிவுக்கு மேல் கையிருப்பாக எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்கிறது. பெரும்பாலான இணைப்புகள் தொடங்கும்போது 6 டெசிபல் கையிருப்பு விட்டே வேகத்தைத் தீர்மானிக்கின்றன. அதன் பிறகு இரைச்சல் கூடினால் கையிருப்பு கரையும். அது பூச்சியத்தை நெருங்கும்போது பிழைகள் பெருகி இணைப்பு அறுந்து, மீண்டும் முதலிலிருந்து அளவெடுப்பு தொடங்கும். ஆகவே ஒரே ஒரு முறை பார்த்த மார்ஜினில் அதிகம் விளங்காது; அது நாள் முழுவதும் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பொழுதுபட்ட பிறகு ஓரிரண்டு டெசிபல் குறைவது இயல்பு. வரும் திசைக்கான அலைவரிசைகள் மீடியம் வேவ் வானொலி ஒலிபரப்பின் மீடிறன்களோடு ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இரவில் அந்த வானொலி அலைகள் மிகத் தொலைவிலிருந்தும் வந்து சேர்வதால் கம்பியில் இரைச்சல் கூடுகிறது. மத்தியானம் மொடெமை அணைத்துப் போட்டால் கூடுதலான வேகம் பிடிப்பதும், அதே இணைப்பு இரவு எட்டு மணிக்கு அறுவதும் இதனால்தான். வேகம் குறைந்தாலும் அறாமல் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள், மார்ஜின் இலக்கை 6 இலிருந்து 9 ஆகவோ 12 ஆகவோ உயர்த்திவைக்கும்படி சேவை நிறுவனத்திடம் கேட்கலாம். அது அவர்களுடைய பக்கத்தில் செய்யும் ஒரு சிறிய மாற்றம். பிள்ளைகளின் வகுப்புக்கு நிலையான மூன்று மெகாபிட், அறுந்து அறுந்து வரும் நான்கு மெகாபிட்டை விட நல்லது.

மாரியில் ஏன் இப்படியாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையோரத்து லைன்களின் பெரும்பாலான வியாதிகள் இங்கேதான் தொடங்குகின்றன. தொலைபேசிச் சோடியின் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன; 1881 இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவாக ஏறும். மொடெம் வாசிப்பது இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை. ஒரே அளவாக ஏறியது வித்தியாசத்தில் அடிபட்டுப் போய்விடும். எதிரெதிராக அனுப்பப்பட்ட சைகை மட்டும் மிஞ்சும். சோடிக்கென்று இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை இல்லாத இந்த மெல்லிய கம்பி பத்து லட்சம் ஹெர்ட்ஸில் வேலை செய்வதன் ரகசியம் முழுவதும் இந்தச் சமநிலையில் இருக்கிறது. இரண்டு கம்பிகளில் ஒன்றின் இணைப்பு மட்டும் கெட்டு அதன் தடை கூடினாலோ, ஒன்றின் காப்பு மட்டும் நனைந்து நிலத்துக்குக் கசியத் தொடங்கினாலோ, சமநிலை குலைந்துவிடும். அதன் பிறகு இரைச்சல் அடிபட்டுப் போகாமல் மொடெமுக்குள்ளேயே வந்து சேரும். குரலுக்கு இது பெரிதாகத் தெரியாது. சிறிய கரகரப்போடு கதைத்துவிடலாம். ஏடிஎஸ்எல் அந்தச் சிறு குலைவையும் தாங்காது. பேசும்போது ஒரு குறையும் தெரியாத லைனில் இணையம் தள்ளாடுவது இதனால் முற்றிலும் இயல்பானதே.

கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள நம் எழுவான்கரை ஊர்களில் இந்தச் சமநிலையைக் காப்பது கடினம். மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடுகிறது; புதைத்த கேபிளின் ஜொயின்ட்டுகளில் எது சரியாக மூடப்படவில்லையோ அதற்குள் நீர் புகுந்துவிடும். மேலே கம்பத்தில் இருப்பவற்றை உப்புக் காற்று தின்கிறது. வீட்டுக்குப் பிரிகிற இடத்தில் கம்பத்தின்மேல் இருக்கும் டிபி பெட்டியைத் திறந்தால் பல தடவை கண்ட காட்சி இது: மூடியின் ரப்பர் வெடித்திருக்கும், உள்ளே எறும்பு மண் சேர்த்து வைத்திருக்கும், ஒரு மூலையில் பல்லி முட்டையின் ஓடு கிடக்கும், திருகாணிகளைச் சுற்றிச் செம்பு பச்சைத் தூளாகப் பூத்திருக்கும். அந்தப் பச்சைத் தூள் காய்ந்திருக்கும்போது மின்னை மறிக்கும். நனைந்தால் பக்கத்துத் திருகாணிக்குக் கசியவிடும். இரண்டு விரலால் கம்பியை அசைத்தால் போதும், காதில் வைத்திருக்கும் சோதனைத் தொலைபேசியில் கரகரவென்று கேட்கும். கெட்டுப்போன நுனியை வெட்டியெறிந்துவிட்டு, புதிதாகச் சீவி, ஜெல் நிரப்பிய இணைப்பியில் போட்டு அழுத்தினால் அந்த வீட்டுக்கு ஒரு மெகாபிட்டோ இரண்டோ அதே நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். வெயில் எறித்த நாளில் தொழினுட்பர் வந்து பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிப் போவதும் பொய்யன்று. காய்ந்த நேரத்தில் அது சரியாகவே அளக்கும். இந்தப் பழுது பிடிபட வேண்டுமானால் நனைந்திருக்கும்போது சோதிக்க வேண்டும்.

மணி அடிக்கும்போது அறுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். உங்கள் விடயத்தில் எது என்பதை நான் இங்கிருந்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒன்று, வீட்டில் எங்கோ ஒரு தொலைபேசி வடிகட்டி இல்லாமல் லைனில் மாட்டப்பட்டிருப்பது. ஸ்பிளிட்டர், மைக்ரோஃபில்டர் என்று சொல்லப்படும் சிறு பெட்டி, தொலைபேசிப் பக்கம் குரல் மீடிறன்களை மட்டும் விடுகிறது. மொடெமுக்குத் தன் பங்கைப் பிரித்துக்கொள்ளத் தெரியும், தெரியாதது தொலைபேசிக்குத்தான். வடிகட்டி இல்லாவிட்டால் மணி அடிக்கும்போதும், ரிசீவரை எடுக்கும்போதும் வைக்கும்போதும் தொலைபேசிக்குள் நடக்கும் திடீர் மாற்றங்கள் நேரே கம்பியில் போய் அடிக்கும். ஆகவே வடிகட்டி ஒவ்வொரு தொலைபேசிக்கும் தேவை. பின்னறையில் மாட்டிவிட்டு மறந்துபோன எக்ஸ்டென்ஷனுக்கும், ஃபக்ஸ் இயந்திரத்துக்கும் தேவை. வடிகட்டியை மொடெமுக்குப் போட்டுவிட்டுத் தொலைபேசியை நேரே மாட்டியிருக்கும் வீடுகளையும் கண்டிருக்கிறேன்; அப்படி மாட்டினால் இணையம் வரவே வராது. மற்றக் காரணம், மேலே சொன்ன கெட்ட ஜொயின்ட். மணி அடிக்கும்போது கம்பியில் ஏறும் மின்னழுத்தம் அந்தப் பச்சைத் தூளின் ஊடாகப் போகும்போது அதன் தடை நிலையில்லாமல் துள்ளும்; மொடெம் அளந்து வைத்த கணக்கு அந்த நொடியிலேயே பிழைத்துப்போகும்.

இந்த இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளையும் கழற்றிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் கம்பி முதலில் வந்து சேரும் பெட்டியில், வீட்டு உள்வயரிங்கைத் துண்டித்துவிட்டு, மொடெமை மட்டும் குட்டையான வயரால் நேரே மாட்டுங்கள். பிறகு கைத்தொலைபேசியிலிருந்து உங்கள் 065 இலக்கத்துக்கு அழையுங்கள். தொலைபேசி மாட்டாவிட்டாலும் மணி மின் கம்பியில் வந்துகொண்டுதான் இருக்கும். இணைப்பு அறாவிட்டால் பழுது வீட்டுக்குள், அநேகமாக வடிகட்டியிலோ உள்வயரிங்கிலோ. அப்படியும் அறுந்தால் பழுது வீட்டுக்கு வெளியே என்று துணிந்து சொல்லலாம். அடுத்ததாக, மொடெமைக் கழற்றிவிட்டு வயருள்ள சாதாரணத் தொலைபேசி ஒன்றை அதே பெட்டியில் மாட்டி, ஏதாவது ஓர் இலக்கத்தை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று சில நொடிகள் அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் கரகரப்போ, வேறு யாரோ தூரத்தில் கதைக்கும் சத்தமோ கேட்டால் அது கம்பிப் பழுது. இந்தச் சோதனையை மழை விட்ட கையோடு செய்யுங்கள். இன்னும் ஓர் அறிகுறி: ரிசீவரை எடுத்துக் கதைத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் இணையம் நிலையாகி, வைத்தவுடன் கெட்டுப்போனால், அது ஏறக்குறைய உறுதியாகத் தடை கூடிய ஜொயின்ட். கதைக்கும்போது ஓடும் மின்னோட்டம் அந்தப் பச்சைப் பூச்சைத் துளைத்துத் தற்காலிகமாக வழிவிடச் செய்வதே காரணம். டயல் டோனே இல்லாமல் இணையம் மட்டும் மிக மெதுவாக வந்தால், சோடியில் ஒரு கம்பி முழுதாக அறுந்திருக்கிறது. மேல் மீடிறன்கள் மட்டும் அந்த இடைவெளியைத் தாவி வந்துகொண்டிருக்கின்றன.

நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் பார்த்தால், மழையோடு தொடங்கிய கரகரப்பும், தூரத்துக்குக் கிடைக்க வேண்டியதை விடக் குறைந்த வேகமும், மணிக்கு அறுவதும் ஒன்றாக இருப்பதால், வெளியேயுள்ள ஜொயின்ட் என்பதே என் ஊகம். ஆனால் வடிகட்டிப் பழுதும் அதோடு சேர்ந்திருக்க இடமுண்டு. ஆகவே முதலில் வீட்டுச் சோதனையை முடித்துவிட்டு முறைப்பாடு செய்யுங்கள். முறைப்பாட்டை இணையப் பழுது என்று பதியாமல் தொலைபேசியில் இரைச்சல் என்று பதிவது பயன் தரும். அப்போது கம்பியைப் பார்க்கும் ஆட்கள் வருவார்கள். “நேர் பெட்டியில் மாட்டியும் மணிக்கு அறுகிறது, நனைந்த நாளில் இரைச்சல் கேட்கிறது” என்ற இரண்டு விடயங்களையும் சொன்னால், வருபவருக்கு வீட்டுக்குள் நேரத்தைச் செலவழிக்காமல் கம்பத்தில் ஏறத் தோன்றும்.

மார்ஜின் மழைக்கும் மணிக்கும் சம்பந்தமில்லாமல் திடீரென்று இறங்குமானால் வீட்டுக்குள்ளோ அயலிலோ உள்ள மின் உபகரணத்தைச் சந்தேகியுங்கள். மலிவான எல்இடி மின்குமிழ்கள், கைத்தொலைபேசி மின்னேற்றிகள், பழுதாகத் தொடங்கிய டிவி பவர் சப்ளை ஆகியவை ஏடிஎஸ்எல் பாவிக்கும் அதே மீடிறன்களில் இரைச்சலைக் கக்குகின்றன. பற்றரியில் ஓடும் பழைய மீடியம் வேவ் ரேடியோவை, எந்த நிலையமும் இல்லாத இடத்துக்குத் திருப்பி, கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தால், இரைச்சல் கக்கும் உபகரணத்தை நெருங்கும்போது ரேடியோ உறுமும். சுவரோரமாக இழுத்துவிட்ட முறுக்கில்லாத தட்டை வயர் இந்த இரைச்சலை வாரியெடுத்துக்கொள்ளும். மொடெமை வேறு அறையில் வைக்க வேண்டுமானால் முறுக்குள்ள நெட்வொர்க் கேபிளின் ஒரு சோடியைப் பாவியுங்கள்.

இணைப்பு அறாமல், மொடெம் காட்டும் 4,300 உம் மாறாமல், இரவில் மட்டும் காணொளி தேங்கி நின்றால் அது கம்பிப் பழுதன்று. எக்ஸ்சேஞ்சுக்கு அப்பாலுள்ள நெரிசல். அதற்கு வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. 4,300 கிலோபிட்டில் தரவைச் சிறு பொதிகளாக்கி அனுப்பும், 53 பைட்டுக்கு 48 பைட் மட்டுமே உள்ளடக்கமாக வரும் ஏடிஎம் முறையினாலும் பிற தலைப்புகளினாலும் ஏழில் ஒரு பங்கு வரை போய்விடுவதால், கையில் கிடைப்பது 3,700 அளவே. இறக்கும் கோப்பை மெகாபைட்டில் காட்டும் மென்பொருள் நொடிக்கு 0.45 என்று காட்டினால் அதுவும் சரியான அளவுதான்.

மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் பெரும்பாலானோர் மொடெமின் மின் இணைப்பை மட்டும் பிடுங்குகிறார்கள். எரிந்துபோய் என்னிடம் வந்த மொடெம்களில் பெரும்பாலானவை தொலைபேசி வாசல் பக்கமாக எரிந்தவை. மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு வெளியில் கிடக்கும் செப்புக் கம்பியில் அருகே விழும் மின்னலே போதுமான அழுத்தத்தை ஏற்றிவிடும். தொலைபேசி வயரையும் பிடுங்க வேண்டும், அதுவும் இடி தொடங்குவதற்கு முன்பாக. மின்னல் வெட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வயரைக் கையால் தொடக்கூடாது.

கடைசியாக, ஃபைபருக்கு மாறுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் வீதியில் ஃபைபர் வந்திருந்தால் மாறுங்கள் என்பதே என் தெளிவான கருத்து. கண்ணாடி இழையில் 1,310 நனோமீட்டர் ஒளி கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் அளவே நலிகிறது. செம்பின் 14 டெசிபலோடு ஒப்பிட்டால் தூரம் என்ற பிரச்சினையே இல்லாமல் போகிறது. உப்புக் காற்றும் மின் இரைச்சலும் ஒளியைத் தொடா. ஒரே ஓர் இழப்பு உண்டு: செப்புக் கம்பித் தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் பற்றரியில் ஓடுவதால் வீட்டில் மின்சாரம் இல்லாதபோதும் வேலை செய்யும். 2022 மின்வெட்டுக் காலத்தில் அதன் அருமையைப் பலர் உணர்ந்தார்கள். ஃபைபர் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் தேவை. வயதானவர்கள் தனியே இருக்கும் வீடானால் சிறிய பற்றரி ஒன்றை அதோடு சேர்த்து வையுங்கள். ஏடிஎஸ்எல்லுக்கு அடுத்து வந்த விடிஎஸ்எல் என்று சொல்லி யாராவது தந்தால், அது 17 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் முறை என்றாலும், அந்த உயர் மீடிறன்கள் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து சேர்வதில்லை. உங்கள் தூரத்தில் அதனால் பயனில்லை, வீதியோரக் கெபினட் ஒன்று உங்கள் வீட்டுக்கு அருகில் வந்தாலன்றி. கம்பி எட்டாத ஊர்களில் வழங்கப்பட்ட, வானொலி அலையில் ஓடும் சிடிஎம்ஏ தொலைபேசி பார்வைக்கு வீட்டுத் தொலைபேசி போலவே இருந்தாலும், அதற்குச் செப்புச் சோடியே இல்லாததால் ஏடிஎஸ்எல் அதில் சாத்தியமில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அந்தத் தொலைபேசி வைத்திருக்கும் உங்கள் உறவினருக்கும் இந்த இணைப்புக் கிடைக்குமா என்று நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

ஃபைபர் இன்னும் வரவில்லையென்றால், அட்டெனுவேஷன், மார்ஜின், இரு திசை வேகம், பழுதாகி வந்த தரவைக் கணக்கிடும் சிஆர்சி பிழை எண்ணிக்கை ஆகியவற்றை நேர் பெட்டியில் மாட்டியபடி காலையில் ஒரு முறை, இரவு எட்டு மணியளவில் ஒரு முறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை குறித்து இங்கே எழுதுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெளிப்பழுது என்ற என் ஊகம் நிற்கிறதா என்று சொல்லிவிடுவேன்.